சூட்டோரம்

இறக்காத தம்பி. இறக்காதேங்கறேன்ல. டிரைவர் கத்துனா கத்திட்டுப் போறான், அவன்கிட்ட நான் பேசிக்கிறேன். அந்தக் கட்டையை இங்க குடு. பாரு, வெட்டுன பக்கம் கையை வச்சா ஜில்லுங்குது. பிசின் வேற ஒட்டுது. பைன் மரம், அதுவும் போன மாசம் வெட்டுனது. இதைக் காஞ்ச விறகுன்னு உன் தலையில கட்டப் பாக்குறான்.

நான் யாரா? மேல நீலக் கூரை தெரியுதுல்ல, அந்த வீடு. தாஹே அம்மான்னு கேட்டா ஊர்ல சொல்லுவாங்க. இப்ப கொஞ்ச நாளா மேல்வீட்டம்மான்னும் சொல்றாங்க. எப்படி வேணா கூப்பிடு, எனக்கு ஒண்ணுமில்ல.

எவ்வளவுக்குப் பேசுன? ரெண்டரை லட்சம் வோனா. ஓக் கட்டை கேட்டியா? நாலரை சொன்னானா. ஆமா, வெலை அதான், அவன் அதுல ஏமாத்தல. ஓக் ஒரு கட்டை எரியுற நேரத்துக்கு இது மூணு கட்டை போவும், அதைச் சொன்னானா? சொல்லமாட்டான். சியோல்லேருந்து வர்றவங்களுக்கு விறகுன்னா விறகு. இந்த ஈரத்தைக் காய வைக்கவே பாதி நெருப்பு செத்துரும். மிச்சம் பூரா புகை. அந்தப் புகை சும்மா போவுமா? போற வழியெல்லாம் கரியை அப்பிட்டுப் போவும்.

சிரிக்காத. உன் வீடும் என் வீடும் ஒரே கொத்தனார் கட்டுனது. வெளிய அடுப்பு. அனலு தரைக்கல்லுக்கு அடியில ஓடி அந்தக் கோடிப் புகைக்கூண்டுல ஏறணும். நடுவுல கரி அடைச்சா எங்க போவும்? கல்லுக்குக் கல்லு எங்க சந்து இருக்கோ அங்க ஏறி உள்ள வரும். இல்லப்பா, புகையா வந்தாத்தான் கண்ணு எரியும், இருமுவோம், எந்திரிச்சு ஓடுவோம். இது வெஷக்காத்து, வாசமே இல்லாம வரும். தூங்குறவங்களை எழுப்பாமலே கொண்டுபோயிரும், மூஞ்சி மட்டும் செவந்து கெடக்கும். தரைக்குப் புதுக் காகிதம் ஒட்டியிருக்கியே, நல்லாத்தான் இருக்கு, தேன் நெறத்துல. அதுக்கு முன்னாடி வெடிப்பு பாத்து மண்ணு பூசுனியா? பூசல. எல்லாரும் அப்படித்தான். அழகு பாத்து ஒட்டிட்டு அடியில இருக்குறதை மறந்துர்றோம்.

உம் பொண்டாட்டி எங்க? படுத்திருக்காளா. எத்தனாவது மாசம்? ஏழு. படுக்கையை எங்க போட்டிருக்க? அடுப்பை ஒட்டுன ஓரத்துலயா.

இல்ல, உன்னைக் குத்தம் சொல்லல. பின்ன வேற எங்க போடுவ. யாரு மேல பாசமோ அவங்களுக்குத்தானே சூட்டோரம். வந்த விருந்தாளிக்கு, பெரியவங்களுக்கு, புள்ளைத்தாச்சிக்கு. நாம கதவோரம் வெறைச்சுக்கிட்டுக் கெடப்போம். நீ நல்லவன், அதான் அங்க போட்டிருக்க. இன்னும் அடுப்பு பத்த வைக்கலையே? அப்பாடா. வைக்காத. மொதல்ல கொத்தனாரைக் கூப்பிட்டு அந்தக் காகிதத்தைக் கிழி. கிழிக்கணும்பா, காசு போனா போவுது. இன்னைக்கு ரெண்டு பேரும் என் வீட்டுல வந்து படுங்க. மின்சாரக் கம்பளி ரெண்டு இருக்கு.

இந்த லோடு திரும்பிப் போகட்டும். என் கொட்டாயில ஒரு வண்டி ஓக் கெடக்கு. அஞ்சு வருஷம் காஞ்சது, ரெண்டு கட்டையைத் தட்டுனா டங்குன்னு கேக்கும். வந்து ஏத்திக்கோ. காசெல்லாம் வேணாம். ஏன்பா மொறைக்கிற, சும்மா குடுத்தா சந்தேகமா? நான் விக்க வந்தவ இல்ல. எனக்கு அது வேணாம், அவ்வளவுதான். நான் என் படுக்கையறை அடுப்புல நெருப்பு வச்சு மூணு குளிர்காலம் ஆச்சு. சமையல்கட்டுலயே படுத்துக்கிறேன்.

வெலைக்கு வாங்குனதுதான். என் வீட்டுக்காரர் போனப்புறம் நானே பேசி, பச்சையா வாங்கி, ரெண்டு வருஷம் அடுக்கிக் காய வச்சேன். வருஷப் பிறப்புக்கு மக தாஹே வருவா, வர்ற மூணு நாளும் நல்ல விறகா எரிக்கலாம்னு தார்ப்பாய் போட்டு மூடி வச்சேன். எனக்கு ஒருத்திக்கு எதுக்கு ஓக்குன்னு ஒரு வண்டி பைன் வாங்குனேன். இதே மாதிரி ஈரம். இதே ஆளுகிட்ட இல்ல, வேற ஒருத்தன். எனக்கு ஒண்ணும் தெரியாம இல்ல தம்பி. நடக்கத் தெரிஞ்ச நாள்லேருந்து அடுப்படியில கெடந்தவ. தெரிஞ்சேதான் வாங்குனேன். ரெண்டு லட்சம் மிச்சம்னு அன்னைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வருஷப் பிறப்புக்குத்தான் வருவான்னு பாத்தா, நவம்பர்லயே வந்து நின்னா. குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடுற வாரம். நூறு முட்டைக்கோசை நீ ஒருத்தியா எப்படிம்மா போடுவன்னு கேட்டுக்கிட்டே படியேறி வர்றா. வொன்ஜூவுல ஆஸ்பத்திரியில நர்சு. ராத்திரி டூட்டி முடிச்சு, துணிகூட மாத்தாம, மொத பஸ்ஸைப் புடிச்சு வந்திருக்கா. கை ரெண்டும் ஐஸா இருக்கு. உருளைக்கிழங்கு சூப் குடுத்தேன், நின்னுக்கிட்டே குடிச்சா. கத்தியை எடுன்னா. கோசு எங்க ஓடிப்போவுது, ரெண்டு மணி நேரம் படுத்து எந்திரிடின்னேன். சூட்டோரத்துல மெத்தை போட்டேன். குளிர் வரக்கூடாதுன்னு ஜன்னல் சந்துக்கெல்லாம் அந்த வாரந்தான் காகிதம் ஒட்டியிருந்தேன்.

ஓக் எடுத்திருக்கலாம். கேக்குற பாரு, நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கேன். தார்ப்பாய் மேல பனி ஒறைஞ்சு கெடந்துச்சு. பிரிக்கச் சோம்பல். அது மட்டும் இல்ல, பொய் சொல்லக்கூடாது, இப்பவே எடுத்தா வருஷப் பிறப்புக்குக் கொறைஞ்சுருமேன்னு ஒரு நப்பாசை. அவளுக்குன்னு வச்சதை அவளுக்கே எரிக்க மனசு வரல. கைக்குக் கெடைச்ச பைனை வச்சு ஊதுனேன்.

ஒரு தடவை எந்திரிச்சா. தலை கனமா இருக்கும்மான்னா. ராத்திரி பூரா முழிச்சா கனக்காம என்ன செய்யும், படுடின்னு போர்வையை இழுத்து விட்டுட்டு, முற்றத்துல உக்காந்து கோசுக்கு உப்புத் தடவிக்கிட்டு இருந்தேன். அவ நர்சு, தம்பி. ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்குறவ. அம்மா சொன்னான்னு திரும்பப் படுத்துட்டா.

மத்தியானம் கதவை லேசாத் தெறந்து பாத்தேன். கன்னம் ரெண்டும் செவசெவன்னு இருக்கு. வரும்போது வெளுத்துப் போயில்ல வந்தா. எம் புள்ளைக்குச் சூடு நல்லா ஏறிருச்சுன்னு எனக்கு அப்படி ஒரு நிம்மதி. கோசு பூராவும் நானே முடிச்சுக்கிறேன், இவ தூங்கட்டும்னு சத்தமில்லாமக் கதவைச் சாத்திட்டு, வெளிய வந்து அடுப்புல இன்னும் ரெண்டு கட்டை வச்சேன்.