தடை உத்தரவில் நின்ற தென்னை

நோன்புக் கஞ்சி காய்ச்சும்போது கறி போடாமல் எங்கள் வீட்டுக்கென்று தனியாக ஒரு தூக்கு எடுத்து வைப்பாள் கமருன்னிஸா. பக்கத்து வீட்டில் அப்படியொரு பெண் அமைவது கொடுப்பினைதான். முறிந்த மரத்துக்குள் எப்படி சிமெண்ட் வந்தது என்றுதானே கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர்? அதற்குத்தான் வருகிறேன்.

என் கொல்லைத் தென்னை அவள் சமையற்கட்டின் ஷீட்டுக் கூரைமேல் சாய்ந்து வளர்ந்தது. வெட்டச் சொன்னாள். வெட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் குவைத்திலிருந்து அவள் புருஷன் அப்துல் அஜீஸ் போன் செய்தான்.

"மரத்துக்கு என்ன வெலையோ சொல்லுங்க சார், குடுத்துடுறேன்."

பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்து கேட்டு என் வாசலில் நின்றவன். அவர்கள் ஆள் வைத்து மரத்தை வெட்டப் பார்க்கிறார்கள் என்று கோர்ட்டில் தடை வாங்கினேன். அப்படி யாரும் பார்க்கவில்லை. அந்த வருஷம் கஞ்சி வரவில்லை. அது எனக்கு வலித்தது.

நான் வேளாண்மை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். தென்னையில் காதை வைத்தால் கூன்வண்டுப் புழு உள்ளே தின்னும் சத்தம் கேட்கும் என்று இந்த ஊருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஒருநாள் என் மரத்திலேயே கேட்டது. தடை அவர்களுக்குத்தான், நான் வெட்டியிருக்கலாம். வெட்டினால் அவன் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். மரத்தைப் பார்க்க கோர்ட் அனுப்பிய வக்கீல் கமிஷனர் வருவதற்குள் ஓட்டைகளை சிமெண்ட் வைத்து அடைத்து, மேலே சுண்ணாம்பு பூசினேன். மரம் நன்றாக இருப்பதாக எழுதிக்கொண்டு போனார். காபி கொடுத்து அனுப்பினேன்.

பிறகும் தினமும் போய்க் கேட்டேன். ஒருநாள் சத்தம் நின்றுவிட்டது. உள்ளே தின்ன ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம்.

அடுத்த ரமலான் கார்த்திகை மழையில் வந்தது. நோன்பில் ஒருநாள் மத்தியானம் காற்று பலத்தது. கேஸ் போட்ட பிறகு முதல் தடவையாக அவள் வேலியோரம் வந்தாள்.

"சார், மரம் ரொம்ப ஆடுதே, ஒண்ணும் ஆயிடாதுல்ல? அடுப்புல கஞ்சி இருக்கு."

"கமிஷனரே நல்லா இருக்குன்னு எழுதிட்டாரும்மா. நீ போயி கஞ்சியப் பாரு."

"நீங்க சொன்னா சரி சார். இன்னிக்கு ஒங்களுக்கும் குடுத்தனுப்புறேன்."

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பழையபடி ஆகிவிட்டோம் என்று நினைத்தேன்.

நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மரம் முறிந்து விழுந்தது. முதலில் ஓடியவன் நான்தான். ஷீட்டைத் தூக்கியதும் நான்தான். மறுநாள் குவைத்திலிருந்து வந்த அஜீஸ்கூட என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுதான். ஷீட்டைத் தூக்கியபோது அவள் பக்கத்தில் எங்கள் தூக்கு மூடியோடு கிடந்தது. கஞ்சி சூடாகவே இருந்தது. எடுத்து வந்து குடித்தேன். எங்களுக்கென்று வைத்ததுதானே.

இப்போது எந்தச் சுவரில் சாய்ந்தாலும் உள்ளே எதுவோ தின்னும் சத்தம் கேட்கிறது. இந்த ஸ்டேஷன் சுவரிலும் கேட்கிறது.

ஆனால் கொலை என்று மட்டும் எழுதாதீர்கள். அவளுக்கு ஒரு கெடுதல் வரவேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. காற்றடித்தால் மரம் எங்கள் பக்கமும் விழலாம் என்று, என் மனைவியை மட்டும் அன்று காலையிலேயே குடவாசலில் அவள் தங்கை வீட்டுக்கு பஸ் ஏற்றி விட்டிருந்தேன்.