பந்து தொலையாத பொட்டல்

சபைத் தலைவர் வக்கீல் கைலாசநாதன் அவர்களே! வெயில் தலையில் இறங்காமல் பந்தல் போட்டு, நிற்பதற்குப் பலகையும் தந்த ஜவுளிக்கடை பக்கீர் முகமது பாய் அவர்களே! மூன்றாம் வகுப்போடு நின்றுபோன என்னை மறுபடி எழுத வைத்து, இன்று கையைப் பிடித்து இந்தப் படியேற்றிய ஆசிரியை நாகலக்ஷ்மி அம்மாள் அவர்களே! பரவையிலிருந்தும் கல்லுப்பட்டியிலிருந்தும் நடந்தே வந்திருக்கும் பெரியவர்களே! பிள்ளையை இடுப்பிலும் பெருமூச்சை நெஞ்சிலும் சுமந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இங்கே வருவதற்குப் போலீஸ் கச்சேரியில் ராதாரிச் சீட்டு வாங்கி, அந்தச் சீட்டை மடியில் முடிந்துகொண்டு பின்வரிசையில் நிற்கும் அண்ணன்மார்களே! அந்த அண்ணன்மார்களுக்கும் பின்னால், வேப்பமரத்தடியில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் என் அப்பாவே! உங்கள் அனைவருக்கும் காளை மகள் தங்கப்பொண்ணுவின் வணக்கம்.

ஒரு சத்தம் வரவில்லை. நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

"சத்தமாப் பேசு தாயி" என்கிறார் அங்கே ஓர் அண்ணன். பேசுகிறேன் அண்ணே. சத்தம் வராத கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். அதையும் சத்தமில்லாமல் சொன்னால் உங்களுக்கு எப்படிக் கேட்கும்?

கல்லுப்பட்டிச் சாலைக்கு மேற்கே இருக்கும் துரைமார் மைதானம் உங்களில் பலருக்குத் தெரியும். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு துரை, நுனி வளைந்த கம்பால் ஒரு சின்ன வெள்ளைப் பந்தை அடிப்பார். அது நாலு வயல் தாண்டிப் போய் விழும். பின்னாலேயே நடந்து போய் மறுபடியும் அடிப்பார். கடைசியில் ஒரு குழிக்குள் தள்ளுவார். தள்ளியதும் முகம் மலர்ந்து அடுத்த குழிக்குப் புறப்படுவார். அவர்கள் அதைக் கோல்ப் என்பார்கள். எங்கள் ஊரில் அது குழியாட்டம். அந்தப் பந்துக்கு எங்கள் ஊரில் பெயர் முட்டை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் அக்கா. ஆனால் முட்டை என்ற அந்தச் சொல்லை முந்தானையில் முடிந்து வையுங்கள். அந்தச் சொல் வராத இடத்தில்தான் எங்கள் குடும்பம் தடுக்கி விழுந்தது.

அந்த மைதானத்துக்கு ஒரு பெருமை உண்டு. மலை ஊர்களில் பந்து புல்லுக்குள் போகுமாம், புதருக்குள் போகுமாம், ஓடைக்குள் போகுமாம். இங்கே புல் ஏது? புதர் ஏது? ஓடை ஏது? கரிசல் பொட்டல். கறுப்பு மண்ணில் வெள்ளைப் பந்து எங்கே விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். கோடையில் மண் வெடித்தால் வாரம் ஒருமுறை மணல் கொட்டி அடைத்துவிடுவார்கள். "இந்த மைதானத்தில் பந்து தொலைவதில்லை" என்று வருகிற துரைமாரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். அந்தப் பொட்டலில் முன்பு கருவேல முள் அடர்ந்து கிடந்தது. அதை வேரோடு பிடுங்கி எறிந்த கைகளில் இரண்டு கை என் அப்பாவின் கை. பந்து தொலையாத மைதானத்தை உண்டாக்கியவர் அவர். அதே பெருமை ஒருநாள் அவர் கழுத்தில் வந்து விழுந்தது.

நாலு வருஷத்துக்கு முந்தைய சித்திரை மாதம். சண்டைக்காலம். சீமையிலிருந்து புதுப் பந்து வருவது நின்றிருந்தது. துரைமார் பழைய பந்தைக் கண்ணின் மணியாகக் காத்தார்கள். அவரவர் பந்தில் அவரவர் அடையாளம் வைத்தார்கள். ஒரு துரையின் அடையாளம் மூன்று நீலப் புள்ளி.

அன்று நான், கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் கரையில் சாணி பொறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. அந்தத் துரை அடித்தார். பந்து மேலே போனது. இறங்கியது. காய்ந்த கரிசலில் பந்து விழுந்தால் டொக்கென்று கேட்கும். கரையில் குனிந்திருந்தாலும் கேட்கும். அன்று கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாவது கொடிக்கும் ஒற்றைப் பனைக்கும் நடுவில் புதிதாக ஒரு வெடிப்பு வாய் திறந்து கிடந்தது. பந்து அதற்குள் போய்விட்டது.

துரை தேடினார். கூட வந்தவர்கள் தேடினார்கள். பிறகு அங்கே வேலை செய்கிற எல்லாரையும் கிளப் முற்றத்துக்கு வரச் சொன்னார்கள். சாணிக் கூடையோடு நானும் போய் நின்றேன். என் அப்பா அந்தக் கிளப்புக்கு நித்தமும் பால் ஊற்றுகிறவர். பட்டணத்திலிருந்து வந்த பட்லர் ஒருவர் இருந்தார். அவருக்குத் துரைமார் பேச்சும் தெரியும், நம் பேச்சும் தெரியும். அவர் முட்டை என்று சொல்வாரா? பந்து என்றாவது சொன்னாரா? துரைமார் சொல்கிறபடியே சொன்னார்.

"காளை, துரையோட பால் எடுத்தியா?"

"ஆமாங்க, எடுத்தேன்."

"யாரைக் கேட்டு எடுத்தே?"

"யாரையும் கேக்கலீங்க. வெயில்ல கெடந்துச்சு, எடுத்துட்டேன்."

"இப்ப எங்கே?"

"வீட்டுல இருக்குங்க."

"போய்க் கொண்டு வா."

"அது கெட்டுப்போச்சுங்களே. நாளைக்கு வேற கொண்டாந்து தாரேன்."

தாய்மார்களே, பந்தைத் துரைமார் பேச்சில் பால் என்பார்கள்; அப்பாவுக்கு அது தெரியாது. காலையில் ஊற்றிய பால் கிளப் அடுப்படிப் படியில் வெயிலில் இருந்து திரைந்துவிட்டது. கெட்ட பாலைத் துரைமார் குடித்துவிடக் கூடாதே என்று அப்பா செம்போடு திருப்பி எடுத்துப் போயிருந்தார். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். ஒவ்வொரு வார்த்தையும் அவருக்கு விலங்கு. பட்லர் திரும்பித் துரையிடம் அவர் பேச்சில் ஏதோ சொன்னார். துரையின் முகம் சிவந்தது.

பந்து எங்கே என்று எனக்குத் தெரியும். அப்பா சொன்ன பால் எது என்றும் எனக்குத் தெரியும். இரண்டும் தெரிந்த ஒரே ஆள் அந்த முற்றத்தில் நான்தான். அந்நிய முகம் நாலு கண்டால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அன்றும் ஒட்டிக்கொண்டது. சாணிக் கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பாவை அழைத்துப் போனார்கள். தாளில் விரலை உருட்டச் சொன்னார்கள். ரேகைச் சட்டத்தில் பிறந்தவருக்கு அது புதிதா? பிறந்த குலத்தைப் பார்த்துக் கள்ளன் என்று எழுதிவைத்து, விரல் பதிந்து, ராத்திரி தோறும் கச்சேரியில் வந்து படு என்கிற சட்டம் அல்லவா அது? பால் ஊற்றுகிற நல்ல மனிதர் என்று அதுவரை அப்பாவுக்கு மட்டும் ராப்படுக்கையை விட்டுவைத்திருந்தார்கள். அன்றோடு அதுவும் போயிற்று.

மூன்றாம் நாள் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அன்று விடியும்போதே கோடை மழை பிடித்துக்கொண்டது. கரிசலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? தண்ணீர் பட்டதும் மண் உப்பியது. வெடிப்பெல்லாம் வாயை மூடிக்கொண்டது. அதைப் பார்த்துவிட்டு நானும் மூடிக்கொண்டேன்.

கோர்ட்டில் அப்பா சொன்னார்: "நான் சொன்னது மாட்டுப்பாலுங்க." கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். வாசலில் நின்ற எனக்கு அந்தச் சிரிப்புக் கேட்டது. பந்து எங்கேயாவது விழுந்து தொலைந்திருக்குமோ என்று கிளப் காரியதரிசியைக் கேட்டார்கள். அவர் சொன்னார்: "அந்த மைதானத்தில் பந்து தொலைவதில்லை."

அவ்வளவுதான் சாட்சி. பந்து தொலையாது என்றால் எடுத்தவன் இருக்க வேண்டும். எடுத்தவன் இருக்க வேண்டும் என்றால் ரேகைப் புத்தகத்தில் பேர் இருக்கிறவனாக இருக்க வேண்டும். பேர் இருக்கிறவன் எடுத்தேன் என்று தானே சொல்லிவிட்டால்? ஆறு மாதம் கடுங்காவல்.

தண்ணீர் குடிக்கச் சொல்கிறீர்கள். வேண்டாம் அத்தை. நிறுத்தினால் மறுபடி பேச்சு வராது.

அப்பா திரும்பி வந்தார். வந்த அன்றைக்கே பசுவை அவிழ்த்து மாமன் பேயாண்டி வீட்டுக்கு ஓட்டிவிட்டார். ஒருநாள் தம்பிக்குக் காய்ச்சல். சோறு இறங்கவில்லை. பால் வாங்கி வரச் சொல்லி அம்மா செம்பைக் கொடுத்தாள். அப்பா விருமாண்டி அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றார். நான் பின்னாலேயே போயிருந்தேன்.

"வாங்க சித்தப்பா. என்ன வேணும்?"

அப்பா செம்பை நீட்டினார்.

"என்னன்னு சொல்லுங்க சித்தப்பா."

அப்பாவின் உதடு அசைந்தது. சொல் வரவில்லை.

"தண்ணியா சித்தப்பா?"

தலையை ஆட்டினார். அண்ணன் தண்ணீர் ஊற்றினார். அப்பா அந்தத் தண்ணீரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

விருமாண்டி அண்ணே, தலையைக் குனியாதீர்கள். உங்கள்மேல் என்ன தப்பு? சபையோரே, ஒரு மனிதனிடமிருந்து எதையெல்லாம் பிடுங்கலாம் என்று நினைத்திருந்தீர்கள்? மாட்டைப் பிடுங்கலாம். மானத்தைப் பிடுங்கலாம். பிள்ளைக்குப் பால் கேட்கிற ஒரு சொல்லையும் வாயிலிருந்து பிடுங்கலாம் என்பதை நான் அந்த வாசலில் கண்டேன்.

அன்றிலிருந்து சித்திரை தோறும் கொக்கி வைத்த கம்போடு அந்தப் பொட்டலுக்குப் போனேன். மூன்றாவது கொடி, ஒற்றைப் பனை, நடுவே உள்ள மண். வெடித்த இடமே மறுபடி வெடிக்குமா? ஒரு வருஷம் வெடிக்கவில்லை. ஒரு வருஷம் வெடித்தும் ஒன்றும் இல்லை. ஒரு வருஷம் காவல்காரர் விரட்டிவிட்டார். "என்ன பிள்ள தேடுற?" என்றார். சாணி என்றேன். "மண்ணுக்குள்ளயா மாடு சாணி போடும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். இந்த வருஷம் சித்திரை இருபதாம் நாள், முழங்கை ஆழத்தில், கொக்கியில் ஏதோ உருண்டது. கையை விட்டேன். எடுத்தேன். பழைய பல்லைப் போல மஞ்சளாகியிருக்கிறது. மூன்று நீலப் புள்ளி அப்படியே இருக்கிறது.

இதோ இருக்கிறது. முன்வரிசையில் இருப்பவர்கள் பார்க்கலாம்.

அப்பாவின் பேருக்கு நேரே களவு என்று எழுதியிருப்பதை அடிக்க வேண்டும், ராப்படுக்கையிலிருந்து அவரை விட வேண்டும் என்று நாகலக்ஷ்மி அம்மாள் மனு எழுதியிருக்கிறார். மனுவோடு இந்தப் பந்தும் போக வேண்டும் என்கிறார் தலைவர். போகட்டும். அதற்கு முன்னால் ஒன்று பாக்கி இருக்கிறது. மண்ணுக்குள் பந்து கிடந்தது நாலு வருஷம். எனக்குள்ளும் கிடந்தது நாலு வருஷம். மண்ணுக்கு வாய் இல்லை. எனக்கு இருந்தது.

அப்பா, பந்து விழுந்ததை நான் பார்த்தேன். அன்றைக்கே பார்த்தேன். நீங்கள் எடுத்தேன் என்று சொன்னபோது உங்களுக்கு ஆறடி தூரத்தில் நின்றேன். இத்தனை நாள் உங்களிடம் சொல்லவில்லை. வீட்டில் வைத்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. நீங்கள் தலைகுனிந்து நின்றது நாலு பேர் முன்னால். நான் சொல்வதும் நாலு பேர் முன்னால் இருக்கட்டும் என்று வந்தேன்.

நீங்கள் திரும்பிப் பார்க்க வேண்டாம். கேட்டால் போதும்.

இவ்வளவு நேரம் வெயிலைப் பொறுத்து, என் நடுக்கத்தையும் பொறுத்துக் கேட்ட சபைக்கு நன்றி. பெரியவர்களுக்கு நன்றி, தாய்மார்களுக்கு நன்றி, சீட்டில் எழுதிய நேரத்துக்குள் திரும்ப வேண்டிய அண்ணன்மார்களுக்கு நன்றி. எல்லாருக்கும் என் வணக்கம்.

அன்று கேட்காத சத்தம் கேட்க, கொஞ்சம் அமைதியாக இருங்கள். காலடியில் இருப்பது பாய் கொடுத்த தேக்குப் பலகை. பந்தைத் தலைக்கு மேலே தூக்குகிறேன், அப்பா. கையைத் திறக்கிறேன்.