ஜஸ்டினாவுக்கு ஒரு தோட்டா பிரஸ்

— …தோட்டா அடைக்க, சுத்தியலால தட்டற செட்டே போதும்னு போன்ல எத்தனை தடவை சொல்றது ஆம்ப்ரோஸ்? இருக்கறதுலயே அதுதான் மலிவு. வாங்கிட்டுக் கிளம்பு.

— கேளு ஜஸ்டினா, கேளு. அது தோட்டாவோட கழுத்தை மட்டும்தான் இறுக்கும். நம்ம வீட்டுல கெடக்கற காலித் தோட்டாவுல பாதி உங்கண்ணன் சுட்டது. அவரு துப்பாக்கியில வயிறு உப்பிப்போய் வெளிய வந்தது. அதைத் தட்டி அடைச்சு நம்ம துப்பாக்கியில தள்ளினா பாதியில மாட்டிக்கும்.

— மாட்டினா உருவிப் போட்டுட்டு அடுத்ததைப் போடறேன்.

— அதுவரைக்கும் மூஸ் மான் நின்னு வேடிக்கை பாக்குமா?

— இப்ப மட்டும் நிக்குதாக்கும்! நேத்து ஆத்தோரமா ஒண்ணு நின்னுச்சுய்யா. நல்ல கொழுத்த கடா. கொஞ்சம் தூரம். எங்கிட்ட இருக்கறதே ரெண்டு தோட்டா. சுடலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டே இருந்தேன். அது பாட்டுக்குக் காட்டுக்குள்ள போயிடுச்சு. படகுல உக்காந்து ஓன்னு அழுதேன்.

— விட்டது சரிதான். காயத்தோட ஓடியிருந்தா பாவம்.

— நல்லாருக்கு போ. யாருக்குப் பாவம் பாக்கறே? ஃப்ரீசரைத் திறந்தா வெறும் ஐஸ்தான் இருக்கு. இந்த வருஷமும் யூக்கான் ஆத்துல மீன் பிடிக்கக் கூடாதுன்னு கவர்மெண்ட்ல சொல்லிட்டான். ஞாயித்துக்கிழமையோட வேட்டையும் முடியுது. பனி உருகற வரைக்கும் பொண்ணுங்களுக்கு எதைப் போடறது? நம்மூர்க் கடையில ஒரு கோழி என்ன விலை விக்குதுன்னு தெரியுமில்ல?

— தெரியும். உங்கண்ணன்கிட்ட துப்பாக்கி கேட்டுப் பாத்தியா?

— அவரு அதைத் தூக்கிட்டு ஆத்துக்கு மேல்பக்கம் வேட்டைக்குப் போயி அஞ்சு நாளாச்சு. எப்ப வருவாரோ. அது சரி, ஃபேர்பேங்க்ஸ் மாதிரி பெரிய ஊர்லயா ரெடிமேட் தோட்டா கிடைக்கல?

— கடை கடையா ஏறி எறங்கிட்டேன். எங்கப்பாவோட அந்தப் பழைய துப்பாக்கி பேரைச் சொன்னாலே சிரிக்கறானுங்க. அந்தத் தோட்டா வந்தே ரெண்டு வருஷமாச்சாம். நாமளே அடைச்சாத்தான் உண்டு. வெடிமருந்து, கேப்பு, குண்டு, அச்சு எல்லாம் வீட்டுலயே இருக்கு. அழுத்தறதுக்கு ஒரு பிரஸ்தான் இல்ல.

— அப்ப அந்தச் சின்ன அலுமினியப் பிரஸ்ஸை வாங்கு. அதுவும் ரொம்ப விலை இல்லைன்னியே.

— மறுபடியும் அலுமினியமா? நம்ம பழையது என்னாச்சு? இழுக்க இழுக்க வாயைப் பொளந்து, கடைசியில கைப்பிடி கையோடயே வந்துடுச்சு.

— நீ கரடி மாதிரி இழுத்தே. அது என்ன பண்ணும்?

— கேளு, கேளு. இங்க பழசா ஒரு வார்ப்பிரும்புப் பிரஸ் இருக்கு. எந்தப் பக்கமும் திறப்பு இல்லாம முழு வளையமா இருக்கு, வாயே பொளக்காது. மேல கொஞ்சம் துரு, அவ்வளவுதான். கைப்பிடி நல்ல நீளம். நீ ஒத்தக் கையாலயே இழுத்துடலாம்.

— நான் எதுக்கு இழுக்கணும்? கரடி ஒண்ணு வீட்டுக்கு வருதே.

— சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

— விலை?

— அது வந்து… அந்தக் காசுல சுத்தியல் செட்டு நாலு வாங்கலாம்.

— கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? கடையில வெச்சிட்டு வெளிய வா!

— காசு குடுத்தாச்சு ஜஸ்டினா.

— ஆம்ப்ரோஸ்!

— வையாதே. கடைக்காரர் பக்கத்துலயே நிக்கறாரு, அவருக்கும் கேக்குது. கொஞ்சம் கொறைச்சுத்தான் குடுத்தாரு.

— கேக்கட்டும்! சரி, டாக்டரைப் பாத்தியா இல்லையா? அதைச் சொல்லு மொதல்ல.

— பாத்தேன். படமெல்லாம் எடுத்தாங்க. மருந்து குடுப்பாங்களாம். அப்புறம், மருந்தை ஒவ்வொரு தடவையும் தராசுல நிறுத்துத்தான் போடணும், கண்ணளவுல போடக் கூடாது…

— எந்த மருந்தைச் சொல்றே? உனக்கா, துப்பாக்கிக்கா?

— துப்பாக்கிக்கு. எல்லாத்துலயும் போட்டதும் வரிசையா நிக்க வெச்சு, டார்ச் அடிச்சு உள்ள பாரு. எல்லாம் ஒரே மட்டமா இருக்கணும். ஒண்ணுல மட்டும் ரெண்டு தடவை விழுந்திருந்தாலும் மூஞ்சியே போயிடும். பொண்ணுங்களைப் பக்கத்துல வெச்சுப் பேசிட்டே செய்யாதே.

— செய்யாதே, பாருன்னு எங்கிட்ட எதுக்குப் பாடம் நடத்தறே? சாயங்காலம் நீதானே உக்காந்து அடைக்கப்போறே?

— பிரஸ்ஸை மேஜைக்கு நடுவுல வெச்சுடாதே. கால் இருக்கற மூலையா பாத்து போல்ட் போடு. இல்லைன்னா மேஜையே ஆடும்.

— உன் இருமல் எப்படியிருக்கு? போன்லயே இழுக்குதே.

— அது கெடக்கு. பிளேன் மூணு மணிக்கு. கடைக்காரரே தன் வண்டியில கொண்டுபோய் சரக்குல ஏத்திடறேன்னு சொல்லிட்டாரு. நீ ஓடுபாதைக்குப் போறப்ப சின்ன வண்டியை எடுத்துட்டுப் போ. தூக்கிடாதே, நல்ல கனம்.

— சரக்குலயா? அதுக்குத் தனியா கூலி வேற குடுத்தியா? உன் டிக்கெட்டுல கொண்டுவர்ற சாமானுக்குக் காசே கிடையாதே. மடியில வெச்சுட்டு வந்தாலும் ஒண்ணும் சொல்லமாட்டான்.

— ம்.

— என்ன ம்? ஆம்ப்ரோஸ்… நீ அந்த பிளேன்ல வர்றேதானே?

— பொண்ணுங்க பக்கத்துல இருக்காங்களா?

— வெளிய விறகு அடுக்கிட்டிருக்காங்க. சொல்லுய்யா.

— இன்னிக்கே வந்து படுக்கச் சொல்லிட்டாங்க. ரெண்டு பக்கமும் இருக்காம். நுரையீரல்ல.

— எது இருக்காம்?

— நீ நினைக்கறதுதான்.

— கடவுளே. எத்தனை நாள் வெச்சிருப்பாங்களாம்?

— கேட்டேன். டாக்டரம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

— இங்க பாரு. ஒண்ணும் ஆகாது. கேக்குதா? உங்கப்பாவுக்கும் இப்படித்தான் கேன்சர்னு சொன்னாங்க, அப்புறம் எட்டு வருஷம் இருந்தாரு. நீ போய்ப் படு. மூஸை நான் பாத்துக்கறேன், பொண்ணுங்களை நான் பாத்துக்கறேன். பிளேன் ஆபீஸ்ல பேசி அந்தத் திரும்பி வர்ற டிக்கெட்டை மட்டும் அடுத்த மாசத்துக்கு மாத்தி வெச்சுக்கோ. சரியா? ஆம்ப்ரோஸ்? மாத்திக்கறேன்னு சொல்லு.

— அதைத் திருப்பிக் குடுத்துத்தான் ஜஸ்டினா, இந்த இரும்பையே வாங்கினேன்.