கென்யாவுக்குப் போற புள்ளைக்கு

…பின்ன என்ன தாயி! மூணு மாசத்துக்குன்னு கென்யாவுக்குக் கூப்புட்டுட்டு, பதினேழே நாள்ல வெரட்டி விட்டா மனுசனுக்குக் கோவம் வருமா வராதா? அதத்தான் ஆளு அனுப்பி வச்ச ஒங்க சங்கத்துக்குப் புகாரா எழுதிப் போட்டேன். அட, ஏன் நிக்கிற, அந்தச் சேர இங்கிட்டு இழுத்துப் போட்டு உக்காரு. சுடர்விழிதான பேரு? அன்னவாசல்லருந்து ஸ்கூட்டியிலயே வாரியா? நல்ல புள்ள.

தெரியும், தெரியும். காயிதத்தக் கீழ வய்யி. நான் கையெழுத்துப் போட்டாத்தான் அந்த ஊருக் கமிட்டி கொளம் வெட்ட அடுத்த ஆளச் சேக்குமாம். இல்லைன்னா ஒன்னோட கென்யாப் பயணம் நின்னு போகுமாம். ஆபீஸ்ல சொன்னாய்ங்க. போடுறேன். பேனா எங்க ஓடிப் போகுது? மொதல்ல ரெண்டு புத்தி கேட்டுக்க.

மஞ்சக்காய்ச்சல் ஊசி. பத்து நாளைக்கு முன்னாடியே போட்டுரு. திரும்பி வாரப்ப நம்ம ஏர்போர்ட்டுல அட்டை இருக்கான்னு கேப்பாய்ங்க. இல்லைன்னா தனியா உக்கார வச்சிருவாய்ங்க, பிள்ளை புடிக்க வந்தவன் மாதிரி. அப்புறம், பழைய துணி எதுவும் தூக்கிட்டுப் போகாத. எங்க வீட்டுக்காரி சொர்ணவல்லி ஒரு பை நெறையாக் கட்டிக் குடுத்தா, ஏழை பாழைங்களுக்குக் குடுங்கன்னு. ஞாயித்துக்கிழமை அந்த ஊரே மடிப்புக் கலையாம சர்ச்சுக்குப் போகுது! கசங்குன சட்டையில நின்னது நான் ஒருத்தன்தான். அந்தப் பைய அப்புடியே திருப்பித் தூக்கிட்டு வந்தேன். இந்தா, இப்பப் போட்டிருக்கேனே, இதுவும் அதுல உள்ளதுதான்.

சின்னப் புள்ளைங்களக் கட்டிப் புடிச்சுப் போட்டோ எடுக்காத. ஒங்க வீட்டுப் புள்ளைய வழியில போறவன் அப்புடி எடுத்தா விடுவியா? எனக்கு அங்க ஒரு பள்ளிக்கூடத்துப் பய சொல்லிக் குடுத்தான். என் போன வாங்கி, என்னையப் படம் புடிச்சிட்டுப் போயிட்டான். வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிறேன்.

இதெல்லாம் சின்ன விசயம். கொளம் வெட்டத்தான நம்மளக் கூப்புட்டாய்ங்க? நான் லைன்மேன் வேல பாத்த காலத்துலயே, லீவு நாளெல்லாம் கம்மாயிலதான் கெடப்பேன். அரிமளம் சுத்துப்பட்டுல குணசேகரன் கை படாத சீமக்கருவேலம் உண்டா, கேட்டுப் பாரு. அந்த முள்ளக் கண்டா எனக்குக் கை நிக்காது. அங்க போயி கொளக்கரையில நிக்கிறேன்… கரை பூரா முள்ளுச்செடி! இடுப்பளவுக்கு, தளதளன்னு! எனக்கு எப்புடி இருக்கும்?

அன்னைக்கு ஊரே சந்தைக்குப் போயிருச்சு. அருவா கெடந்துச்சு. அவுக ஊரு அருவாளுக்கு மூக்கு வளையாது தாயி, பலகை மாதிரி நேரா இருக்கும். ஆனா வெட்டு நல்லா விழுகுது. ஒரு நாலஞ்சு செடி வெட்டியிருப்பேன். சரி, பத்துப் பதினஞ்சு. என்ன சிரிக்கிற? ஆபீஸ்ல சொல்லிட்டாய்ங்களா? அம்பத்திமூணு. சரி, அம்பத்திமூணுதான்!

ஒவ்வொண்ணச் சுத்தியும் குச்சி நட்டு வேலி கட்டியிருந்துச்சு. ஆமா. களைக்கு எவனாச்சும் வேலி கட்டுவானான்னு யோசிச்சிருக்கணும்ல? யோசிச்சேனே! யோசிச்சுக்கிட்டேதான் வேலியப் புடுங்குனேன். எலையும் வேற மாதிரிதான் இருந்துச்சு. வேகத்துல எலைய யாரு பாத்தா?

அது சீமக்கருவேலமே இல்லையாம், நம்ம நாட்டுக்கருவேலத்துக்குச் சொந்தக்காரப் பயலாம். மழ இல்லாத வருசம் ஆட்டுக்கு அதுதான் தீனி. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ஆளுக்கு ஒண்ணா வச்சு, ரெண்டு மைல் தண்ணி தூக்கியாந்து ஊத்தி, மூணு வருசமா வளத்ததாம். எனக்கு யாரு சொன்னா? சொன்னாங்கதான். போன மொத நாளே சொன்னாங்க, கேக்காம எதையும் தொடாதீகன்னு. அது அடுப்பு, பாத்திரம் அதுகளுக்குன்னுல்ல நெனச்சேன்!

சாயங்காலம் எல்லாரும் வந்தாக. ஒருத்தராச்சும் வஞ்சிருந்தா நானும் திருப்பி வஞ்சிட்டு வந்திருப்பேன். புள்ளைங்க வந்து அதது செடிகிட்ட நின்னுச்சுங்க. கமிட்டித் தலைவி, என் வயசுதான் இருக்கும் அந்தம்மாவுக்கு, பக்கத்துல வந்து மெல்ல சொல்லுது: புதுசாக் கன்னு வச்சிக்கலாம், நீங்க இருக்குற வரைக்கும் தண்ணி தூக்கி ஊத்துங்கன்னு.

நானு! அறுபது வயசுல கொடத்தத் தூக்கிக்கிட்டு, அந்தப் புள்ளைங்க பின்னாடி! அத எவனாச்சும் போட்டோ எடுத்து, அரிமளத்துல ஒருத்தன் கண்ணுல பட்டா…? விடியறதுக்குள்ள பைய எடுத்தேன். சந்தைக்கு வந்துட்டுத் திரும்புன லாரியில ஏறுனேன். அம்புட்டுத்தான்.

என்ன அப்புடிப் பாக்குற? வெரட்டலதான். யாரும் வெரட்டல. சொல்லாமக் கொள்ளாம ஓடியாந்தவன், ஊர்ல வேற என்னன்னு சொல்லுவான்? கொண்டா அந்தக் காயிதத்த. 'என்னை யாரும் அனுப்பவில்லை. நானாகவே கிளம்பி வந்தேன். என் புகார் பொய்.' பொய்யின்னு பச்சையாவா போட்டிருக்காய்ங்க? 'தவறு'ன்னு போடக் கூடாதா? சரி, சரி. மொறைக்காத… இந்தா. குணசேகரன். தேதியும் போட்டுட்டேன். மை காயட்டும், மடிக்காத.

டீ குடிச்சிட்டுப் போவியா? சொர்ணவல்லி, டீ என்னாச்சு! அதுக்குள்ள செருப்ப மாட்டிட்ட. பொறும்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தப் புதுக் கன்னுகளுக்கு… தண்ணி தூக்க ஆளு கெடச்சிருச்சாமா? எனக்காகக் கேக்கல. சும்மா, தெரிஞ்சிக்கத்தான். தாயி! சுடர்விழி! அட, ஸ்டார்ட் பண்ணிட்டாளே…

சொர்ணவல்லி! அந்தப் புள்ள போன் நம்பர் ஒன்கிட்ட இருக்கா?