சோடாவும் உலகச் சூடும்

1979 மே 17, வியாழக்கிழமை, பகல் ஒன்று பத்து. கத்திரி வெயில், ஓர் இலைகூட அசையவில்லை. காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் தாமல் பஸ்ஸுக்காக ஏழு பேர் கோலி சோடாக் கடை நிழலில் ஒதுங்கியிருந்தோம். எங்களில் ஒருவர் பட்டுக்குச் சாயம் போடுகிறவர். விரலெல்லாம் அரக்குச் சிவப்பு. அவர்தான் சோடாக்காரரிடம் ஆரம்பித்தார்.

“கரியமில வாயுவாலதான் உலகமே சூடாவுதாம்பா. பேப்பர்ல போட்டுக்கிறான். நீ அதத்தான் அடைச்சு விக்கிற.”

காசு நீட்டிய இரண்டு கைகள் பின்வாங்கின. சோடாக்காரர் பதறினார்.

“நாளெல்லாம் சாய அடுப்பு எரிக்கிறவன் நீ; என் பாட்டிலயா குத்தம் சொல்ற? இதக் குடிச்சா சில்லுனு இருக்குது. இது எப்படிய்யா உலகத்தச் சூடாக்கும்? குடிச்சுப் பாரு. சூடா இருந்தா காசே வேணாம்.”

சாயக்காரர் ஒரே மூச்சில் குடித்து, நீளமாக ஏப்பம் விட்டார்.

“ஏப்பம் சூடாத்தாம்பா வருது. காசு கிடையாது.”

“அப்போ நீதான்யா குத்தவாளி! நான் கோலி போட்டுப் பூட்டி வச்சிக்கினு இருந்தேன். தொறந்து ஊருக்குள்ள விட்டது நீ!”

எல்லோரும் சிரித்தார்கள். சாயக்காரர் காசை வைத்தார். பின்வாங்கிய கைகள் இரண்டும் மறுபடி நீண்டன. நானும் ஒரு சோடா வாங்கிக் குடித்து, பஸ் வரும்வரை ஏப்பத்தை அடக்கிக்கொண்டு நின்றேன். செலவு முப்பது பைசா.