நந்தி வம்சத்துக்கு வந்த காய்ச்சல்

...காய்ச்சலுக்கு ஒரு மருந்தக் குடுத்தமா போனமான்னு இல்லாம, மாட்டுப் பட்டி ஈரம், பட்டி ஈரம்னு அதையே சொன்னா எப்புடிங்க டொக்டர் தம்பி? தெரணியகலையில மார்கழி மாசத்துல எதுங்க ஈரமில்ல? எங்க வீட்டு நெருப்புப்பெட்டி ஈரம். உப்பு டின் ஈரம். எம் பொஞ்சாதி இருளாயியோட வாய் ஒண்ணுதான் காஞ்சு கெடக்கு, அதுவும் என்னைய ஏசி ஏசி.

பாத்து நில்லுங்க, கால்ல அட்டை ஏறிரும். அந்தா, அவ மடியில கெடக்குற செவலைக் கன்னுதாங்க. பொறந்து ஒரு மாசம் ஆகல. நேத்துலருந்து தாய் மடியில வாய் வைக்க மாட்டேங்குது. மூச்சக் கேட்டீங்களா, கொரகொரன்னு... ஈசனே, ஆவினத்துக்கே அல்லும் பகலும் தொண்டு செய்யுற அடியேனுக்கா இந்தச் சோதனை?

ஆமா, உங்க பேரு என்ன சொன்னாங்க? ஜனார்த்தனனா? ஆகா! பசு மேய்ச்ச பெருமாளோட திருநாமம். ஆனா பாருங்க தம்பி, அவரு மழைக்குப் பயந்து நின்ன ஆவினத்துக்கு மலையையே கொடையாப் பிடிச்சாரு. நீங்க ஒரு ஊசியத் தூக்கவே இவ்வளவு யோசிக்கிறீங்களே!

...போட்டாச்சா? நல்லதுங்க. எதனால வந்துச்சுன்னு நான் சொல்றேன், கேளுங்க. மொதக் காரணம் தோட்டத்துத் தொரை. மேல இருந்த ரப்பர் மரத்தையெல்லாம் வெட்டிப்புட்டாரு, காத்து நேரா எங்க காணிக்குள்ள வருது. ரெண்டாவது, கீழ் லயத்து வீட்டுல இருக்குற சுமித்ரா. கன்னு போட்ட அன்னிக்கே வந்து, "ஐயோ, என்னா அழகு"ன்னா. அவ கண்ணு பட்டா கருங்கல்லே காய்ச்சல்ல படுத்துரும். சிரிக்காதீங்க. மூணாவது இவ. ராவெல்லாம் சாக்கப் போத்தி மடியில போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கா. நந்தி தேவர் வம்சத்த இப்புடிச் செல்லங் குடுத்து வளத்தா ஒடம்புக்கு எங்கிருந்துங்க உறுதி வரும்?

என்னங்க மேல பாக்குறீங்க? ஆமா, வானந்தான். பட்டிக் கூரையில தகரம் இருந்துச்சு. களவா? சிவ சிவா! இந்தத் தம்பையா வீட்டுல எவன் களவெடுப்பான்? நாந்தான் கழட்டுனேன். கோயிலுக்குங்க! மார்கழி பஜனை தொடங்கப் போற நேரம், பிள்ளையாரோட திருமேனி நனைஞ்சுக்கிட்டு நின்னுச்சு. தலைவர் ஐயாவு கூட்டம் போட்டாரு. "தகரத்துக்கு எழுதிப் போட்டிருக்கோம், வரும்"ங்கிறாரு. எவ்வளவு காலமா வருது! பஜனைக்கு மூத்தவன் நான் சும்மா இருக்கலாமா? எந்திரிச்சேன். "அத்தனை தகரமும் அடியேன் உபயம்"னேன். கைதட்டுன சத்தம் ஆத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுருக்கும். மாலை போட்டாங்க தம்பி, செவ்வந்தி மாலை! ஒவ்வொரு தகரத்துலயும் எம் பேரு, செவப்புப் பெயின்ட்டுல, ரோட்டுலருந்தே வாசிக்கலாம்.

வீட்டுக்கு வந்தா இவ என்ன கேட்டா தெரியுங்களா? "பிள்ளையாரு குளுருதுன்னு ஒங்க கிட்ட சொன்னாரா? கன்னு சொல்லுதே"ன்னா. எவ்வளவு நாத்திகம் பாருங்க! வாயக் கழுவிட்டு வந்து பேசுடின்னேன். பட்டிக்கு ஓலை போடலாம்னுதாங்க இருந்தேன். வெள்ளனே பஜனை, பொறகு பிரசாதம், பொறகு பதிகம் படிக்கணும்... மனுசனுக்கு நேரம் வேணாங்களா?

தம்பி... தம்பி, கன்ன எதுக்குத் தூக்குறீங்க? ஆஸ்பத்திரிக்கா? ஜீப் அந்தப் பக்கம் நிக்குது. அது கோயிலுக்குப் போற படிங்க! அடியே இருளாயி, நீ எதுக்குத் தாய்ப்பசுவ அவுக்குற? சன்னிதியில சாணி போட்டுரும்டி! ஊர் என்னா சொல்லும்? பஜனைக்காரங்க வந்து எங்க ஒக்காருவாங்க? ஐயாவு பாத்தா... ஏய், திரும்பிப் பாருடி! தம்பி, கால்ல கெடக்குற சப்பாத்தையாவது கழட்டிட்டு ஏறுங்க!

...போயே போயிட்டாங்க.

யோவ், இருங்க! நானும் வாறேன். இங்க... இங்க நிக்க முடியலங்க, மழை கொட்டுது.