தோள்தாவு

விஜயகுமார்: ...இந்தா, இந்த எடம் மாப்ளே! போன்ல கார்ட்டூனப் பாரு. வெள்ளமுடி கத்திக்கிட்டே முன்னால ஓடுறான். எதிரிக மொத்தமும் அவனையே பாக்குறாங்க...

அழகுமலை: நூறு தடவ பாத்தாச்சுடா.

விஜயகுமார்: கட்டமூக்கன் பின்னாலருந்து ஓடியாந்து, அவன் தோள்ல கால வச்சு... விர்ருன்னு! மேலருந்து ஒரே வெட்டு! நிஞ்சான்னா இவனுகதான்.

அழகுமலை: தோள்தாவு.

விஜயகுமார்: நம்ம வச்ச பேருல்ல! ஜப்பான்காரன் வச்சது எவன் வாயில நொழையுது?

அழகுமலை: அந்தச் சாக்கக் கொண்டா. சட்டி பானையக் கட்டணும்.

விஜயகுமார்: அதுக்குள்ள என்ன மாப்ளே மூட்ட? சூப்பர்வைசர் ஏதோ கோவத்துல...

அழகுமலை: ‘நாள முதல் வரண்டா’ன்னுட்டாரு, இனி வேலைக்கு வர வேணாமாம். லயத்து வீட்டையும் இன்னைக்கே காலி பண்ணனுமாம்.

விஜயகுமார்: ம்... தங்கச்சிக்கு இப்ப எப்பிடி?

அழகுமலை: இங்கதான இருக்கா, அவளையே கேளு.

சுஜாதா: மருந்தடிச்ச ஏலச்செடிக்குள்ள, மூக்கக் கட்ட ஒரு துணி இல்லாம காயெடுத்தா எப்பிடிண்ணே இருக்கும்? இன்னைக்குத்தான் குடிச்ச கஞ்சி வயித்துல தங்குது.

அழகுமலை: எம்பொண்டாட்டி ஒருத்திக்காகவாடா போனேன்? எல்லாத்துக்கும் மூக்குத்துணி, கையுறை கேக்கத்தான போனேன். ‘நீ முன்னால பேசு, லயத்து ஆளுகளக் கூட்டிக்கிட்டுப் பின்னாலயே வர்றேன். தோள்தாவு மாப்ளே’ன்னது யாரு?

விஜயகுமார்: கெளம்பத்தான் செஞ்சேன்... காய் ஒணத்துற ஸ்டோர்ல அடுப்பு அணைஞ்சுபோச்சுன்னு... விட்டா மொத்தமும் கெட்டுப்போகும்ல...

அழகுமலை: பேசிக்கிட்டே திரும்பிப் பாத்தேன்டா. மஞ்சு மூட்டந்தான் நின்னுச்சு. ஒரு ஆளு இல்ல.

விஜயகுமார்: கட்டமூக்கனுக்கும் ஒரு நாள் கால் வழுக்காதா?

சுஜாதா: வழுக்குன மாதிரி தெரியலையேண்ணே. புது மழைக்கோட்டு, கழுத்துல விசிலு...

விஜயகுமார்: இது... கண்காணியா நிக்கச் சொன்னாக தங்கச்சி. நானாப் போயிக் கேக்கல.

சுஜாதா: கேக்காமக் குடுக்குற மனுசந்தான் அவரு! ஒரு துணி கேட்டதுக்கு வெளிய தள்ளுனாரு.

விஜயகுமார்: யோசிச்சுப் பாரு மாப்ளே. நான் உள்ள இருந்தாத்தான உன்னையத் திருப்பிக் கூட்டியார முடியும்?

அழகுமலை: அந்தத் தோள்தாவுல ஒண்ணக் கவனிச்சியா? தாவுனவன வானத்துல சுத்திச் சுத்திக் காட்டுறான். தோள் குடுத்தவன் விழுந்தானா, எந்திரிச்சானா... காட்டவே மாட்டான்.

விஜயகுமார்: ...எனக்கும் புள்ளகுட்டி இருக்குடா.

அழகுமலை: இருக்கட்டும். நல்லா இருக்கட்டும்.

சுஜாதா: ஜீப்பு ஆரன் கேக்குது. வெரசா வாங்க, போடிக்கு இதுதான் கடேசி வண்டி.

விஜயகுமார்: மூட்டைய நான் தூக்குறேன், விடு.

அழகுமலை: வேண்டாம்.

விஜயகுமார்: எறங்குனதும் போன் போடு... மாப்ளே, ஒண்ணே ஒண்ணு. ‘கூட யாரு’ன்னு அவரு கேட்டாரா? எம்பேரு எதுவும்...

அழகுமலை: நான் வாயத் தெறக்குறதுக்கு முன்னாலயே ‘ஆள் சேக்குறது நீதானா’ன்னாரு. அப்பறம், ‘கூட இருக்கிறவன் பேரச் சொல்லு, இந்த விசில் உனக்கு’ன்னு மேசையில வச்சாரு. நான் சொல்லல. ...நீ யாரு பேரடா சொன்ன?